எதிரே வரும் வண்டி லைட் அடித்தால்

தொண்டியிலிருந்து ராமநாதபுரம் பக்கம் கிழக்குக் கடற்கரைச் சாலையில் வண்டி ஓட்டியவர்களுக்கு இந்தப் பழக்கம் தெரிந்திருக்கும். பட்டப்பகலில் எதிரே வருகிற லாரிக்காரர் இரண்டு தடவை ஹெட்லைட்டை அடித்துக் காட்டிவிட்டுப் போவார். "முன்னால போலீஸ் நிக்குது, பார்த்துப் போ" என்று அர்த்தம். அவர் யாரென்று நமக்குத் தெரியாது, நாம் யாரென்று அவருக்கும் தெரியாது. ஆனாலும் சொல்லிவிட்டுப் போவார். உடனே நம் கால் ஆக்சிலேட்டரை விட்டு எழும்பும், கை சீட் பெல்ட்டைத் தேடும். பைக்கில் வருகிற பையன் டேங்க் மேல் வைத்திருந்த ஹெல்மெட்டை எடுத்துத் தலையில் கவிழ்த்துக்கொள்வான்.

முன்னால் நிற்கிற அந்தப் போலீஸாகப் பல வருடம் நின்றவன் நான். காவலராகச் சேர்ந்து, ஏட்டாகி, சிறப்பு உதவி ஆய்வாளராக ஓய்வு பெற்றேன். கடைசி ஆறேழு வருடம் பெரும்பாலும் இந்தச் சாலையோடுதான் போனது. தேவிபட்டினம், திருப்பாலைக்குடி, உப்பூர், தொண்டி என்று இதே தார் ரோடு, இதே உப்புக்காற்று. லைட் அடித்துச் சொல்கிற பழக்கத்தின் மேல் ஆரம்பத்தில் எனக்கு அவ்வளவு கோபம் இருந்தது. வெயிலில் பேரிகார்டை இழுத்துப் போட்டு, ஸ்பீடு கன்னைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு நின்றால் வருகிற வண்டியெல்லாம் 50-ல் சாதுவாக வரும். எங்களைத் தாண்டி அரை கிலோமீட்டர் போனதும் எஞ்சின் சத்தம் மாறுவது இங்கே நிற்கும்போதே காதில் விழும். நாள் முழுக்க நின்று என்ன பயன் என்று சலித்துப் போவேன். இன்றைக்கு அந்தக் கோபம் என்னிடம் இல்லை. அது எப்படிப் போனது என்பதைச் சொல்லத்தான் இந்தப் பதிவு.

நின்று போகிற ஊர்

உப்பூரைப் பார்க்காதவர்களுக்கு ஒரு வார்த்தை. ராமநாதபுரத்துக்கு வடக்கே சுமார் 30 கிலோமீட்டரில், சாலையை ஒட்டி இருக்கிற சின்ன ஊர். ஒரு பக்கம் பாக் நீரிணைக் கடல், மறுபக்கம் கண்ணுக்கு எட்டிய மட்டும் சீமைக்கருவேலம். ஊருக்குப் பெயர் வாங்கிக் கொடுத்தது உப்பு, பெருமை வாங்கிக் கொடுத்தவர் வெயிலுகந்த விநாயகர். இந்தப் பிள்ளையாருக்குத் தலைக்கு மேல் கூரை கிடையாது. வெயிலை விரும்பி வாங்கிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறவர். இலங்கைக்குப் புறப்பட்ட ராமன் இங்கே வந்து வணங்கிவிட்டுத்தான் தேவிபட்டினத்தில் நவபாஷாணம் அமைத்தார் என்பது தலபுராணம். அதனால் ராமேஸ்வரம் போகிறவர்கள் முதலில் இங்கே இறங்கி, சிதறுதேங்காய் உடைத்து, அப்புறம் தேவிபட்டினம், அதற்கப்புறம் ராமேஸ்வரம் என்று போவது வழக்கம். ராமனே நின்று போன ஊர் என்று எங்கள் பக்கத்துப் பெரியவர்கள் சொல்வார்கள்.

இப்போது பாதி வண்டிகள் நிற்பதில்லை. ஆடி அமாவாசை, தை அமாவாசைக்கு முந்தின ராத்திரி இந்தச் சாலையைப் பார்க்க வேண்டும். தஞ்சாவூர், நாகப்பட்டினம், புதுக்கோட்டைப் பக்கத்திலிருந்து வேன், கார், சுற்றுலாப் பேருந்து என்று விடிய விடிய ஓடிக்கொண்டே இருக்கும். கார்த்திகை, மார்கழியில் ஐயப்ப சாமிகள் வண்டி சேர்ந்துகொள்ளும். இவை போக, பிடித்த மீனும் இறாலும் கெடுவதற்குள் சந்தைக்குப் போய்ச் சேர வேண்டிய ஐஸ் வண்டிகள்.

இத்தனையும் ஓடுவது நடுவே தடுப்பு இல்லாத இருவழிச் சாலையில். இதே சாலையின் ஓரத்தில்தான் விடிவதற்கு முன்னால் உப்பளத்துக்குச் சைக்கிளில் போகிறவர்கள் இருப்பார்கள். வெயில் ஏறிவிட்டால் பாத்தியில் நிற்க முடியாது என்பதால் அந்த வேலை இருட்டிலேயே தொடங்கும். கூடையோடு மீன் வாங்கப் போகிற பெண்கள் இருப்பார்கள். காலையில் ஆட்டுக்கிடை சாலையைக் கடக்கும். எட்டரை மணிக்குப் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் கடக்கும். தூரத்து ஊர்க்காரருக்கு இது நேராகப் போகிற நல்ல ரோடு. இங்கே இருக்கிறவர்களுக்கு வீட்டு வாசல். ஒரே தார், இரண்டு விதமான கண். இந்தச் சாலையில் நடக்கிற விபத்தில் பாதி இந்த இரண்டு கண்ணுக்கும் இடையில்தான் நடக்கிறது என்பது என் அனுபவம்.

நான் சேர்ந்த காலத்தில் இந்தப் பக்கத்து ரோடெல்லாம் குறுகல், குண்டும் குழியும். வண்டி நினைத்தாலும் பறக்க முடியாது. ரோடு நன்றாக ஆக ஆக, அடிபட்டுப் பிழைத்து வருகிறவர்கள் குறைந்து, அந்த இடத்திலேயே முடிந்து போகிறவர்கள் கூடினார்கள். ரோடு போட்டது தப்பு என்று சொல்லவில்லை. ரோடு மாறிய வேகத்துக்கு நாம் மாறவில்லை.

ஒரு தை அமாவாசை ராத்திரி

அதிகாலை நாலு மணி இருக்கும். உப்பூருக்கு வடக்கே நின்றுகொண்டிருந்தோம். கன்னில் 104 காட்டியது. கை காட்டியதும் கார் கொஞ்ச தூரம் தள்ளிப் போய் நின்றது. ஓட்டியவருக்கு முப்பது வயதுக்குள் இருக்கும். கண் இரண்டும் கோவைப்பழம்.

"எங்கேருந்து தம்பி வர்றீங்க?"

"கும்பகோணம் சார்."

"எத்தனை மணிக்குக் கெளம்புனீங்க?"

"பன்னெண்டு மணிக்கு சார். அப்பாவுக்குத் திதி கொடுக்கணும் சார். நேரம் தப்பிடக் கூடாது, அதான்..."

"பகல்ல தூங்குனீங்களா?"

பதில் இல்லை. பின் சீட்டில் இருந்த அம்மா கண்ணாடியை இறக்கினார். "ஐயா, பட்டுக்கோட்டையிலேர்ந்து சொல்லிக்கிட்டே வர்றேன், கேக்கவே மாட்டேங்குறான். திதி வாங்கப் போற மனுஷன் இருந்திருந்தா, மெதுவா வாடா, நான் எங்க போயிடப் போறேன்னுதான் சொல்லியிருப்பாரு" என்றார்.

நான் சொல்ல வந்த எதையும் விட அது பெரிய வார்த்தை. அந்தத் தம்பியை இறக்கி, வண்டியில் வைத்திருந்த கேனிலிருந்து தண்ணீர் கொடுத்து முகம் கழுவச் சொன்னோம். ராத்திரி ரோந்தில் இப்படி ஓட்டுநர்களை நிறுத்தி முகம் கழுவ வைத்து அனுப்புவது பல மாவட்டங்களில் காவல்துறை செய்கிற காரியம்தான். பிளாஸ்க்கில் இருந்த டீயைக் கொடுத்தோம். அபராதமும் போட்டேன், அதை விடவில்லை. ஆனால் கால் மணி நேரம் அவரை அங்கேயே உட்கார வைத்தேன். கிளம்பும்போது, "ராமநாதபுரம் முப்பது கிலோமீட்டர். 80-ல போனா இருபத்திரண்டரை நிமிஷம். 60-ல போனா அரை மணி நேரம். மிச்சம் ஏழரை நிமிஷம். ஏழரையக் கழிக்க எல்லாரும் தேவிபட்டினம் போறாங்க, நீங்க வழியிலேயே ஏழரைய வாங்கிக்காதீங்க தம்பி" என்றேன். அந்த அம்மா கையெடுத்துக் கும்பிட்டார்.

ஆயிரக்கணக்கான வண்டிகளை நிறுத்தியிருக்கிறேன். அவசரம் என்று சொன்னவர்களில் உண்மையிலேயே உயிர்போகிற அவசரம் என்று பார்த்தால் விரல்விட்டு எண்ணிவிடலாம். பிரசவ வலியோடு வந்த கார் ஒன்றுக்கு நாங்களே முன்னால் சைரன் போட்டு வழிவிட்டுக் கொண்டுபோய்ச் சேர்த்தோம். மற்றதெல்லாம் ஏழரை நிமிட அவசரம்தான்.

45 மீட்டர்

வேகம் என்றால் என்ன என்று உள்ளூர்ப் பையன்களுக்குச் சொல்லிப் பார்த்து அலுத்துப் போய், ஒரு நாள் சுண்ணாம்புப் பொடியும் டேப்பும் எடுத்துக்கொண்டு சாலையோரத்தில் இறங்கினேன். டீக்கடையில் நின்ற நாலைந்து பேரைக் கூட்டிக்கொண்டேன்.

60 கிலோமீட்டர் வேகத்தில் வருகிற வண்டி ஒரு விநாடிக்குப் பதினாறு, பதினேழு மீட்டர் போகிறது. குறுக்கே ஆடு வந்ததைக் கண் பார்த்து, மூளை புரிந்துகொண்டு, கால் பிரேக்குக்குப் போக ஒன்றரை விநாடி ஆகும். அதற்குள் 25 மீட்டர் போயிருக்கும். அப்புறம் பிரேக் பிடித்து நிற்க நல்ல டயர், காய்ந்த ரோடாக இருந்தால் இன்னும் 20 மீட்டர். மொத்தம் 45 மீட்டர். ஏறக்குறைய ஒரு கரண்டுக் கம்பத்திலிருந்து அடுத்த கம்பம். அங்கே ஒரு கோடு போட்டோம்.

"இப்போ 80-ல வர்றேன்னு வைங்க. இந்தக் கோட்டுக்கு வரும்போது வண்டி என்ன வேகத்துல இருக்கும்?" என்று கேட்டேன்.

ஒருவன் 20 என்றான். இன்னொருவன் கொஞ்சம் யோசித்து 30 என்றான். எனக்கும் முதலில் அப்படித்தான் தோன்றியது. இன்ஜினியரிங் படிக்கிற பையன் ஒருவன் செல்போனில் கணக்குப் போட்டான். போட்டுவிட்டு மறுபடி ஒரு தடவை போட்டான். 65. அதாவது, 60-ல் வந்தவன் பத்திரமாக நின்றுவிட்ட அதே இடத்தில், அதே ஆட்டை அதே நேரத்தில் பார்த்து அதே பிரேக்கை மிதித்தவன், 80-ல் வந்த ஒரே காரணத்தால், 65 கிலோமீட்டர் வேகத்தில் மோதுவான். ஆடு நின்ற இடத்தில் பிள்ளை நின்றிருந்தால்?

யாரும் பேசவில்லை. 20 கிலோமீட்டர்தானே கூடுதல் என்று மனசு சொல்கிறது. மோதும்போது அந்த 20 வேறு கணக்காக வந்து நிற்கிறது. சராசரி வேகம் ஒரு சதவீதம் கூடினால் உயிர்ப்பலி விபத்துக்கான ஆபத்து நாலு சதவீதம் கூடுகிறது என்று உலக சுகாதார நிறுவனம் சொல்வதும் இதே கணக்கைத்தான்.

ஓவர்டேக்குக்கும் ஒரு கணக்கு உண்டு. நீங்கள் 80, எதிரே வருகிறவர் 80. இருவருக்கும் நடுவே உள்ள தூரம் விநாடிக்கு 44 மீட்டர் கரைகிறது. 300 மீட்டர் இருக்கிறதே, தாண்டிவிடலாம் என்று வலப்பக்கம் ஏறினால் உங்களுக்கு இருப்பது ஏழு விநாடிக்கும் குறைவு. ராத்திரியில் எதிர் விளக்கின் தூரத்தைக் கண் சரியாகவும் சொல்லாது.

நின்றுகொண்டிருக்கிற வண்டியும் ராத்திரியில் எமன்தான். 2024 செப்டம்பரில் உச்சிப்புளிக்குப் பக்கத்தில் பிரப்பன்வலசையில், சாலையோரம் நின்ற அரசுப் பேருந்தின் பின்னால் கார் மோதி, பிறந்து சில நாளே ஆன குழந்தை உட்பட ஐந்து பேர் போனார்கள். எங்கள் மாவட்டமே அன்றைக்குச் சோறு இறங்காமல் கிடந்தது.

டயர் தடம் காணப்படவில்லை

விபத்து நடந்த இடத்தில் போலீஸ் செய்கிற முதல் வேலைகளில் ஒன்று பார்வை மகஜரும் ரஃப் ஸ்கெட்ச்சும். சாலை எவ்வளவு அகலம், வண்டி எந்தத் திசையைப் பார்த்து நிற்கிறது, கண்ணாடித் தூள் எங்கே கிடக்கிறது, ரத்தம் எங்கே, பிரேக் பிடித்த டயர் தடம் எத்தனை மீட்டர் என்று ஒவ்வொன்றாக அளந்து எழுத வேண்டும். பக்கத்தில் அழுகைச் சத்தம் கேட்டுக்கொண்டிருக்கும். கை எழுதிக்கொண்டே இருக்கும்.

ஒரு பங்குனி மாதத்து அதிகாலை. உப்பளத்துக்குப் போன ஒரு பெரியவர். சைக்கிளின் பின் சக்கரம் எட்டு போல் வளைந்து கிடந்தது. ஹேண்டிலில் தொங்கிய தூக்குவாளி மட்டும் நசுங்காமல் பள்ளத்தில் கிடந்தது. மூடி திறக்கவில்லை. கேப்பைக் கூழ். நான் டேப்பைப் பிடித்துக்கொண்டு டயர் தடத்தைத் தேடினேன். மோதிய காரிலிருந்து பின்னோக்கி நடந்தேன். பத்து மீட்டர், இருபது, ஐம்பது. தடமே இல்லை. ஓட்டியவர் பிரேக்கைத் தொடவே இல்லை. தூங்கியிருக்கிறார். ஏ.பி.எஸ். உள்ள வண்டிகளில் தடம் மங்கலாகத்தான் விழும் என்பது தெரியும். ஆனால் அது பழைய வண்டி. மோதிய பிறகுதான் கண் முழித்தேன் என்று அவரே ஒப்புக்கொண்டார். "டயர் தடம் காணப்படவில்லை" என்று மகஜரில் எழுதினேன். என் சேவையில் நான் எழுதியதில் கனமான வரி அதுதான்.

அதைவிடக் கனமான விஷயம் மகஜரில் இல்லை. அன்றைக்கு ராத்திரி அதே இடத்துக்கு வடக்கே கொஞ்ச தூரத்தில் நாங்கள் தணிக்கை செய்துகொண்டிருந்தோம். நாலு மணிக்குப் பேரிகார்டை ஓரம் தள்ளிவிட்டு நிலையத்துக்குத் திரும்பினோம். விபத்து நடந்தது ஐந்தே காலுக்கு. டூட்டி நேரம் முடிந்துதான் போனோம், தப்பில்லைதான். ஆனாலும் இன்னும் ஒன்றேகால் மணி நேரம் நின்றிருந்தால் அந்தக் காரை நிறுத்தியிருப்போமே, முகம் கழுவ வைத்திருப்போமே என்கிற நினைப்பு இன்று வரைக்கும் என்னை விடவில்லை.

அந்தப் பெரியவர் வீட்டு அம்மாவிடம் போய்ச் சொன்னதும் நான்தான். வாசலில் உட்கார்ந்து மீன் ஆய்ந்துகொண்டிருந்தார். யூனிஃபார்மைப் பார்த்ததுமே எழுந்து நின்றுவிட்டார். எதையும் சொல்ல வேண்டியிருக்கவில்லை. 2023-ல் மட்டும் தமிழ்நாட்டுச் சாலைகளில் இறந்தவர்கள் 18,347 பேர். ஒரு நாளைக்கு ஐம்பது. ஐம்பது வாசல். ஒவ்வொரு வாசலுக்கும் என்னைப் போல ஒரு போலீஸ்காரர் போய் நின்றிருப்பார். 2022-ல் நாடு முழுக்க நடந்த சாலை மரணங்களில் 71 சதவீதத்துக்கு அதிவேகம்தான் காரணம் என்று மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகத்தின் அறிக்கை சொல்கிறது. நிறுத்தி அபராதம் போடும்போது "எதுக்கு சார் எங்க பின்னாலேயே வர்றீங்க" என்று கேட்கிறவர்களுக்கு என் பதில் இதுதான். அந்த வாசலுக்கு மறுபடியும் போக எனக்குத் தெம்பில்லை.

அபராதமும் நிச்சயமும்

2019-ல் மோட்டார் வாகனச் சட்டத்தைத் திருத்தினார்கள். தமிழ்நாட்டில் 2022 அக்டோபரில் அபராதத் தொகைகள் உயர்ந்தன. ஹெல்மெட் போடாவிட்டால் 100 ரூபாயாக இருந்தது 1,000 ஆனது. குடித்துவிட்டு ஓட்டினால் 10,000. பதினெட்டு வயது ஆகாத பிள்ளையிடம் வண்டியைக் கொடுத்து அவன் குற்றம் செய்தால், பெற்றவருக்கோ வண்டி உரிமையாளருக்கோ 25,000 ரூபாய் அபராதமும் மூன்று வருடம் வரை சிறையும் உண்டு.

உயர்ந்த முதல் சில மாதம் ஜனங்கள் பயந்தார்கள். அப்புறம் பழகிவிட்டது. ஏனென்று யோசித்துப் பார்த்தேன். பத்தாயிரமோ ஆயிரமோ, மாட்டினால்தானே? நூறு தடவை பறந்ததில் ஒரு தடவைகூட யாரும் கேட்கவில்லை என்றால் தொகை எவ்வளவு இருந்தாலும் அது காகிதம். இருநூறு ரூபாய் அபராதமாக இருந்தாலும் தினமும் பிடிபடுவேன் என்று தெரிந்தால் யாரும் பறக்க மாட்டார்கள். தண்டனையின் கனத்தைவிட, அது வந்தே தீரும் என்கிற நிச்சயம்தான் காலை ஆக்சிலேட்டரிலிருந்து எடுக்க வைக்கிறது.

வேக வரம்பை 120 வரை உயர்த்தி மத்திய அரசு 2018-ல் போட்ட அறிவிப்பை 2021 ஆகஸ்டில் சென்னை உயர் நீதிமன்றம் ரத்து செய்தது. விபத்தில் படுகாயமடைந்த இளம் பல் மருத்துவர் ஒருவரின் இழப்பீட்டு வழக்கில் எழுந்த கேள்வி அது. எஞ்சின் நல்லதாகிவிட்டது, ரோடு நல்லதாகிவிட்டது என்பது அரசுத் தரப்பு வாதம். ஓட்டுகிறவர்கள் விதியை மதிப்பதில் எந்த முன்னேற்றமும் இல்லையே என்பது நீதிபதிகளின் கருத்து. சாலையில் நின்ற போலீஸ்காரன் யாராக இருந்தாலும் அந்தக் கருத்துக்குக் கீழே கையெழுத்துப் போடுவான்.

எங்கள் பக்கத்துத் தப்பும் உண்டு

போலீஸ் நிறுத்துவதே காசுக்குத்தான் என்கிற எண்ணம் ஜனங்களிடம் இருக்கிறது. அது வானத்திலிருந்து வந்த எண்ணம் இல்லை, எங்களில் சிலர் சம்பாதித்துக் கொடுத்தது. நூறு ரூபாயை வாங்கிக்கொண்டு விட்டால் அந்த ஓட்டுநர் கற்றுக்கொள்வது வேகம் தப்பு என்பதை இல்லை, வேகத்துக்கு நூறு ரூபாய் விலை என்பதை. ஒரு விபத்தைத் தடுக்கக் கிடைத்த வாய்ப்பை நாமே விற்றுவிடுகிறோம். இ-சலான் மெஷின் வந்தது இந்த விதத்தில் நல்ல காரியம்.

இன்னொரு தப்பு துரத்துவது. 2018 மார்ச்சில் திருச்சி திருவெறும்பூர் பக்கம், ஹெல்மெட் சோதனையில் நிற்காமல் போன பைக்கை ஓர் ஆய்வாளர் துரத்திப் போய் உதைத்தார். பின்னால் உட்கார்ந்திருந்த பெண் விழுந்து இறந்து போனார். ஊரே திரண்டு சாலையில் உட்கார்ந்தது. அன்றைக்கு நான் யூனிஃபார்மோடு வெளியே போகக் கூச்சப்பட்டேன். உயிரைக் காக்கத்தான் ஹெல்மெட், அதைக் கேட்கப் போய் உயிரை எடுத்தால் அந்தச் சட்டத்துக்கு என்ன அர்த்தம்? என்னோடு வேலை பார்த்த இளைய காவலர்களிடம் நான் சொன்னதெல்லாம் ஒன்றுதான்: "நிக்கலையா, நம்பரைக் குறிச்சுக்கோப்பா. வீட்டுக்கு நோட்டீஸ் போகட்டும். ஓடிப்போய்க் குறுக்கே விழாதே, லத்திய நீட்டாதே. தப்பிச்சுப் போனவன் நாளைக்கு வருவான். செத்துப் போனவன் வர மாட்டான்."

ஜனங்கள் பக்கமும் ஒன்று சொல்ல வேண்டும். வண்டியைப் பிடித்த அடுத்த நிமிடம் போன் வரும். "மாமா, நம்ம பையன்தான், விட்டுருங்க." "அண்ணே, நம்ம ஊர்க்காரரு." கட்சிக்காரர், வார்டு உறுப்பினர், என் பெண்டாட்டியின் சித்தப்பா வரைக்கும் கூப்பிட்டிருக்கிறார்கள். நம்ம பையன் என்பதால்தான் விட முடியாது என்று சொல்லிச் சொல்லி இரண்டு கல்யாணத்துக்குப் பத்திரிகை வராமல் போனது. பரவாயில்லை. அந்தப் பையன்கள் இருக்கிறார்கள்.

கோபம் போனது இப்படித்தான்

ஒரு நாள் சாயங்காலம். நான் சீருடையில் இல்லை, மகளைப் பார்த்துவிட்டுத் தொண்டியிலிருந்து பைக்கில் வந்துகொண்டிருந்தேன். எதிரே வந்த மீன் வண்டிக்காரர் லைட் அடித்தார். கொஞ்ச தூரத்தில் ஒரு வேன், அதுவும் அடித்தது. எனக்கு முன்னால் போன கார் மெதுவானது, அதற்கு முன்னால் போன பஸ்ஸும் மெதுவானது. இன்றைக்கு யார் தணிக்கையில் நிற்கிறார்கள் என்று யோசித்துக்கொண்டே போனேன். அங்கே போலீஸே இல்லை. வளைவைத் தாண்டி ஒரு டிராக்டர் டிரெய்லர் அச்சு முறிந்து பாதி சாலையை அடைத்து நின்றுகொண்டிருந்தது. பின்னால் விளக்கு கிடையாது. நாலைந்து பேர் கருவேல மரத்துக் கிளையை வெட்டிச் சாலையில் போட்டுக்கொண்டிருந்தார்கள். அந்தியில் 80-ல் வருகிற எவனும் அதைப் பார்த்திருக்க முடியாது. நானும்தான். அத்தனை வண்டியும் 40-க்கு இறங்கி, ஒதுங்கி, ஒரு கீறல் இல்லாமல் போய்ச் சேர்ந்தன.

வண்டியை ஓரமாக நிறுத்திவிட்டுக் கொஞ்ச நேரம் அங்கேயே நின்றேன். நான் பேரிகார்டு போட்டு, கன் பிடித்து, வெயிலில் நின்று செய்யப் பார்த்த வேலையை, முகம் தெரியாத இரண்டு ஓட்டுநர்கள் விளக்கை அடித்துச் செய்து முடித்துவிட்டுப் போயிருந்தார்கள். போலீஸ் நிற்கிறது என்று லைட் அடிக்கிறவர் மேல் எனக்கிருந்த கோபம் அன்றைக்கு இறங்கியது. அவர் லைட் அடித்ததால் நாலு கிலோமீட்டருக்கு எல்லோரும் மெதுவாகப் போனார்கள் என்றால், நான் அங்கே நின்றதற்குப் பயன் அதுதானே? என் வேலை பிடிப்பதா, குறைப்பதா?

அப்புறம்தான் தெரிந்துகொண்டேன், சட்டமே அப்படித்தான் சொல்கிறது. கேமரா வைத்துக் கண்காணிக்கிற சாலையில், அந்த இடம் வருவதற்கு முன்பே பளிச்சென்று எச்சரிக்கைப் பலகை வைக்க வேண்டும் என்று 2021 ஆகஸ்டில் மத்திய அரசு விதி போட்டிருக்கிறது. சுவீடன் நாட்டில் சாலை மரணமே இருக்கக் கூடாது என்று 1997-ல் நாடாளுமன்றத்தில் தீர்மானித்தார்கள். அங்கேயும் வேகக் கேமராவை ஒளித்து வைப்பதில்லை, முன்கூட்டியே பலகை வைத்துச் சொல்லிவிடுகிறார்கள். மாட்ட வைப்பது நோக்கமாக இருந்தால் ஒளிந்து நிற்கலாம். உயிர் பிழைக்க வைப்பது நோக்கம் என்றால் சொல்லிவிட்டுத்தான் நிற்க வேண்டும். அதற்குப் பிறகு புளிய மரத்து மறைவில் நிற்பதை விட்டுவிட்டேன். தூரத்திலேயே தெரிகிற மாதிரி, ஊர் தொடங்குகிற இடத்தில், பளபளக்கிற ஜாக்கெட் போட்டுக்கொண்டு நின்றேன்.

ஆனால் இருபத்துநாலு மணி நேரமும் ஒவ்வொரு ஊர் முனையிலும் போலீஸ் நிற்க முடியாது. நாலு மணிக்குப் பேரிகார்டை ஓரம் தள்ளத்தான் வேண்டியிருக்கும். ஐந்தே காலுக்கு யார் நிற்பது?

அதனால்தான் இந்தச் சாலையில் வண்டி ஓட்டுகிற உங்களிடம் கேட்கிறேன். போலீஸ் நிற்கிறது என்று லைட் அடிக்கிறீர்களே, அடியுங்கள். அதோடு நிறுத்தாதீர்கள். பின்னால் ஆடு கடந்துகொண்டிருக்கிறதா, எதிரே வருகிறவருக்கு லைட் அடியுங்கள். விளக்கில்லாமல் லாரி நிற்கிறதா, அடியுங்கள். பிள்ளைகள் பள்ளிக்கூடம் விட்டு வருகிறார்களா, இருட்டில் உப்பளத்துக்குச் சைக்கிள்கள் போகின்றனவா, அடியுங்கள். அடிபட்டு யாராவது கிடந்தால் நின்று 108-ஐக் கூப்பிடுங்கள். உதவி செய்தவரைப் போலீஸ் கட்டாயப்படுத்திப் பெயர், விலாசம் கேட்க முடியாதபடி 2019 திருத்தத்திலேயே பாதுகாப்புக் கொடுத்திருக்கிறார்கள். 2021 டிசம்பரில் வந்த 'இன்னுயிர் காப்போம்' திட்டத்தில் முதல் 48 மணி நேரச் சிகிச்சைக்கு அரசே பணம் கட்டுகிறது. பயந்து தாண்டிப் போக இனிமேல் காரணமில்லை.

உங்களுக்கு யாராவது லைட் அடித்தால், போலீஸா என்று தேடாதீர்கள். காலை எடுங்கள். 60-க்கு வாருங்கள், ஊருக்குள் 40-க்கு வாருங்கள். உப்பூர் வந்ததும் ஐந்து நிமிடம் நின்று, வெயிலில் உட்கார்ந்திருக்கிற பிள்ளையாரைப் பார்த்து, முகம் கழுவி, ஒரு டீ குடித்துவிட்டுப் போங்கள்.

அந்தப் பெரியவருடைய மகன் இப்போது இதே சாலையில் மினி லாரி ஓட்டுகிறார். சில நாள் காலையில் நான் நடைப்பயிற்சிக்குப் போகும்போது எதிரே வருவார். என்னைப் பார்த்துக் கை காட்டுவார். அப்பா விழுந்த இடத்தைத் தாண்டினதும், பின்னால் சைக்கிள்கள் வருகிற நேரமாக இருந்தால், எதிரே வருகிற ஒவ்வொரு வண்டிக்கும் லைட் அடித்துக்கொண்டே போவார். கொஞ்ச தூரம் வரைக்கும் அந்த விளக்கு அணைந்து அணைந்து எரிவது தெரியும்.